பாவ அறிக்கையும் மன்னிப்பும்: அந்த நஷ்டத்தை யார் சுமக்கிறார்?

டர்பனில் யார் கையிலிருந்தாவது டீக் கோப்பை நழுவி விழுந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் "சாரி, சாரி" என்பார்கள். கோப்பையைத் தட்டிவிட்டது அவர்கள் இல்லை. தென்னாப்பிரிக்காவில் அந்தச் சொல்லுக்கு "அடடா" என்ற அளவுக்குத்தான் பொருள். "ஷேம்" என்பதும் அப்படித்தான். வெட்கம் என்ற பொருள் தேய்ந்து பரிவு என்று ஆகிவிட்டது. தமிழும் இதற்கு விலக்கில்லை. "ஐயோ பாவம், பிள்ளைக்குக் காய்ச்சல்" என்கிறோம். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

இவை அன்பில் பிறந்த வழக்குகள். அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டர்பனில் தமிழர் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஞாயிறு ஆராதனையில் "நம்முடைய பாவங்களை அறிக்கையிடுவோம்" என்று போதகர் சொல்லும்போதும் கேட்பவர் மனதில் இந்தத் தேய்ந்த பொருளே ஓடுகிறது. கடவுளிடம் ஒரு "சாரி" சொன்னால் முடிந்தது என்று ஒருவர் நினைக்கிறார். ஏதாவது கொடுத்தால்தான் தீரும் என்று இன்னொருவர் நினைக்கிறார். சனிக்கிழமை சுவாமியாரிடம் (கத்தோலிக்கக் குருவிடம்) சொல்லிவிட்டால் திங்கட்கிழமை பழையபடி நடக்கலாம், கிறிஸ்தவர்களுக்கு அது வசதி என்று வெளியிலிருந்து பார்ப்பவர் பேசுகிறார். மூன்றும் தவறு, ஆனால் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். மன்னிப்பு என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் நிதானமாக எடுத்துச் சொல்வதில்லை.

கல்லாப்பெட்டியில் 600 ரேண்ட்

டர்பன் பக்கம் தெருமுனைப் பலசரக்குக் கடையை டீ ரூம் என்போம். அப்படி ஒரு கடையில் வேலை பார்க்கும் பையனை எண்ணிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் கடை அடைக்கும் நேரத்தில் கல்லாவிலிருந்து 50 ரேண்ட் எடுத்துக்கொள்கிறான். பன்னிரண்டு வாரம் ஆயிற்று. மொத்தம் 600 ரேண்ட். கடைக்காரருக்குக் கணக்கு இடிக்கிறது, ஆனால் அவனைச் சந்தேகப்படவில்லை. பையனுக்கோ தூக்கம் போய்விட்டது.

ஒருநாள் அவன் போய் இப்படிச் சொல்கிறான்: "அண்ணா, தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுக்குங்க."

கடைக்காரர் என்ன நினைப்பார்? வேலையை விட்டுப் போகிறான் போலிருக்கிறது, விடைபெற வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார். பையன் வெளியே வருகிறான். மனது லேசாகவில்லை. மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, கிடைத்தும் விட்டது, ஆனால் கிடைத்த மன்னிப்பு 600 ரேண்டைத் தொடவே இல்லை. "பண்ணியிருந்தா" என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அவன் மறுபடி உள்ளே போய், "அண்ணா, கல்லாவிலிருந்து நான்தான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஐம்பது. பன்னிரண்டு வாரம்" என்று சொன்னால் கதையே வேறு. கடைக்காரருக்கு முகம் மாறும், கோபம் வரலாம். ஆனால் இப்போதுதான் மன்னிக்க ஒன்று அவர் முன்னால் இருக்கிறது.

வேத மொழியில் அறிக்கையிடுதல் என்பது இந்த இரண்டாவது பேச்சு. புதிய ஏற்பாட்டின் மூல மொழியான கிரேக்கத்தில் இதற்கு வரும் வினைச்சொல் ஹோமோலோகேயோ. ஒரே சொல்லைச் சொல்வது, அதாவது ஒத்துச் சொல்வது என்பது அதன் நேர்ப்பொருள். கடவுள் இந்தச் செயலுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாரோ அதே பெயரை நானும் வைக்கிறேன். அவர் திருட்டு என்றால் நான் "கைமாற்று" என்று சொல்வதில்லை. அவர் பொய் என்றால் நான் "சமாளிப்பு" என்று சொல்வதில்லை. தமிழில் "ஒப்புக்கொள்கிறேன்" என்கிறோமே, அதில் உள்ள "ஒப்பு"வும் இதுதான்.

பாவம் என்பது கணக்கு மட்டுமா?

நம் வீடுகளில் பாவம் என்றதும் புண்ணியமும் கூடவே வந்துவிடும். ஒரு பக்கம் பாவம், மறுபக்கம் புண்ணியம், கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்ப்பது. கிறிஸ்தவ வேதமும் கடன் என்ற உவமையைப் பயன்படுத்துகிறது. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்பதுதான் மத்தேயு 6-ல் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம். ஆனால் வேதத்தில் அந்தக் கணக்குக்கு ஒரு முகம் உண்டு. கடன் யாரோ ஒருவரிடம் பட்ட கடன். பாவம் யாரோ ஒருவருக்கு எதிராகச் செய்த பாவம்.

பாவத்துக்குக் கிரேக்கத்தில் வரும் சொல் ஹமார்தியா. அம்பு குறியைத் தவறவிடுவதைச் சொல்லும் வேரிலிருந்து வந்தது. அந்தக் குறி கடவுளையும் அயலாரையும் அன்பு செய்வது. ஆகவே செய்த தீமை மட்டும் பாவமாகாது. செய்திருக்க வேண்டிய நன்மையைச் செய்யாமல் விட்டதும் பாவம். தாவீது ராஜா தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் போரில் சாகவைத்தான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேரே சொன்ன பிறகு பாடியதாக 51ஆம் சங்கீதம் நிற்கிறது. அதில் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று சொல்கிறான். உரியாவுக்கு இழைத்தது சின்ன விஷயம் என்பதல்ல பொருள். உரியாவைப் படைத்தவர் கடவுள். உரியாவை அடித்த அடி அவர்மேலும் விழுந்தது. அதனால்தான் கடைக்காரரிடம் சொல்லி முடித்தாலும் கடவுளிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது, கடவுளிடம் சொல்லி முடித்தாலும் கடைக்காரரிடமும் போக வேண்டியிருக்கிறது.

பொறுத்தல்: விஷயத்தின் மையம்

இனி, பலர் தாண்டிப் போய்விடும் இடம். கடைக்காரர் "போகட்டும், மன்னிச்சேன், காசு தர வேண்டாம்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 600 ரேண்ட் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. கடைக்காரர் தலையில் விழுந்தது. மாதக் கடைசியில் மொத்த வியாபாரிக்குப் பணம் கட்டும்போது தன் கையிலிருந்துதான் போடுவார். மன்னிப்பினால் நஷ்டம் மறைவதில்லை. செய்தவன் தோளிலிருந்து பாதிக்கப்பட்டவர் தோளுக்கு அது மாறுகிறது, அதுவும் அவர் மனதாரச் சம்மதித்ததால் மாறுகிறது.

இதைச் சொல்லத் தமிழில் அருமையான ஒரு சொல் முன்பே இருக்கிறது. பொறுத்தல். தன்னைத் தோண்டுகிறவனையே தாங்கும் நிலம்போல, தம்மை இகழ்கிறவரைத் தாங்கிக்கொள்வதை வள்ளுவர் இந்தச் சொல்லால்தான் பேசுகிறார். "பொறுத்தருளும்" என்று கத்தோலிக்க ஜெபங்களிலும் வரும். பாரம் பொறுப்பதும் பிழை பொறுப்பதும் நமக்கு ஒரே சொல். ஆச்சரியம் என்னவென்றால் பழைய ஏற்பாட்டின் எபிரெய மொழியிலும் அப்படியே இருக்கிறது. நசா என்ற வினைக்குத் தூக்குதல், சுமத்தல் என்பது பொருள். 32ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் மீறுதல் மன்னிக்கப்பட்டது என்று சொல்ல வருவதும் அதே சொல்தான்.

கிறிஸ்தவ விசுவாசத்தின் நடு இதுதான். மனிதர் கடவுளுக்கு விரோதமாகச் செய்ததன் முழு நஷ்டத்தையும் கடவுளே, இயேசு கிறிஸ்துவாக மனிதராகி, சிலுவையில் சுமந்தார். "கர்த்தர் நம்மெல்லாருடைய அக்கிரமத்தையும் அவர்மேல் விழப்பண்ணினார்" என்கிறது ஏசாயா 53. இதற்குப் பாவநிவர்த்தி என்று பெயர்: பாவத்தின் விளைவை இன்னொருவர் ஏற்றுத் தீர்த்துவைத்தல். கொலோசெயர் நிருபம் நம் டீ ரூம் கணக்குப் புத்தகத்துக்கே பக்கத்தில் வருகிறது. நமக்கு எதிராக இருந்த கையெழுத்தைக் குலைத்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்கிறது. கையெழுத்து என்றால் இங்கே கடன் சீட்டு.

அந்தக் கடனின் அளவை இயேசு மத்தேயு 18-ல் ஒரு உவமையாகச் சொல்கிறார். ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து என்பது 6,000 தெனாரி. ஒரு தெனாரி அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஆக 6 கோடி நாள் கூலி. எந்த மனிதனாலும் தீர்க்க முடியாது என்று கேட்பவர் உடனே புரிந்துகொள்ளட்டும் என்றே அந்த எண். ராஜா அதை விட்டுவிடுகிறார். வெளியே வந்த அதே ஆள், தனக்கு 100 தெனாரி தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். அதுவும் சின்னத் தொகை இல்லை, மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கூலி. ஆனால் அவனுக்கு விடப்பட்டது அதைவிட ஆறு லட்சம் மடங்கு.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: பாவம் ஒருவருக்கு எதிராகச் செய்யப்படுவது. மன்னிப்பு என்றால் அவர் அந்த நஷ்டத்தைத் தாமே ஏற்பது. கடவுள் அதைச் சிலுவையில் ஏற்றுவிட்டார் என்பது விசுவாசம். அறிக்கையிடுதல் என்பது, எந்த நஷ்டத்தை அவர் ஏற்றார் என்று நம் வாயால் உள்ளபடி சொல்வது. அது விலை ஆகாது. விலை வேறிடத்தில் கொடுக்கப்பட்டாயிற்று.

நேர்த்திக்கடன் என்ற பழக்கம்

நேட்டாலில் பல தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்து உறவினர் உண்டு. பெரிய வெள்ளியன்று ஒரு வீட்டார் சிலுவை ஆராதனைக்குப் போக, அவர்கள் பெரியம்மா வீட்டார் மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போவார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் சித்தப்பாவும், ஆடியில் கூழ் ஊற்றும் ஆயாவும் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அந்த வழிபாட்டுக்குத் தனக்கென ஒரு ஒழுங்கு உண்டு: வேண்டிக்கொள்வது, பெற்றுக்கொள்வது, சொன்ன சொல்லை நிறைவேற்றுவது. வாக்குத் தவறக் கூடாது என்ற நேர்மை அதில் இருக்கிறது.

அந்த ஒழுங்கை அப்படியே பாவமன்னிப்புக்குக் கொண்டுவரும்போதுதான் சிக்கல். "ஆண்டவரே, இதை மட்டும் மன்னித்துவிடும், 21 நாள் உபவாசம் இருக்கிறேன், 500 ரேண்ட் காணிக்கை போடுகிறேன்" என்று ஜெபிப்பவர்கள் நிறையப் பேர். உபவாசமும் காணிக்கையும் நல்லவை. ஆனால் மன்னிப்புக்கு விலையாக வைத்தால் இரண்டு வழியில் கெடும். உபவாசத்தை முடித்தவர் நான் கட்டிவிட்டேன் என்று நிமிர்ந்து நிற்பார்; 14ஆம் நாளில் விட்டவர் எனக்கு மன்னிப்பே இல்லை என்று இடிந்துபோவார். இருவருமே சிலுவையைப் பார்க்கவில்லை. லூக்கா 18-ல் மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் காத்து, வாரம் இரண்டு முறை உபவாசித்த பரிசேயன் நீதிமானாகத் திரும்பவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) திரும்பினான். கிருபை என்றால் தகுதி பார்க்காமல் கொடுப்பது.

நாடு பார்த்த பொதுமன்னிப்பு

தென்னாப்பிரிக்காவில் மன்னிப்பு என்றாலே, நிறவெறி ஆட்சிக் காலத்துக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் நினைவுக்கு வரும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ தலைவர். 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகரில் முதல் விசாரணை. பொதுமன்னிப்புக் கேட்டு 7,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், பெரும்பாலானவை மறுக்கப்பட்டன. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த தலைமுறை, கிறிஸ்தவ மன்னிப்பும் இதுதான் என்று எண்ணிக்கொண்டது. ஆணையத்தின் தலைவர் பேராயராக இருந்ததும் ஒரு காரணம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பயன் தரும்.

சட்டம் கேட்டவற்றில் முக்கியமானவை இரண்டு. அரசியல் நோக்கத்தோடு செய்த செயலாக இருக்க வேண்டும். நடந்ததை முழுமையாக வெளிப்படுத்த வேண்டும். வருந்த வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல், எங்கே கொன்றோம், எங்கே புதைத்தோம் என்று சொல்லிவிட்டுப் பொதுமன்னிப்பு வாங்கிப் போக முடிந்தது. முழு உண்மை என்ற நிபந்தனை அறிக்கையிடுதலுக்கு மிக அருகில் வருகிறது. அதன் மதிப்பைக் குறைத்துப் பேசக் கூடாது. பல தாய்மாருக்குப் பிள்ளையின் எலும்பாவது கிடைத்தது அந்த நிபந்தனையால்தான். ஆனால் பொதுமன்னிப்புக் கிடைத்தவர்மேல் வழக்குத் தொடரும் உரிமையும் நஷ்டஈடு கேட்கும் உரிமையும் குடும்பங்களுக்கு இல்லாமல் போயின. மன்னித்தது அரசு, பாரம் சுமந்தது குடும்பம். அந்தக் குடும்பத்திடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

சிலுவையில் மன்னிக்கிறவரே சுமக்கிறார், தாமே முன்வந்து. அறிக்கையிடுகிறவரிடம் கேட்கப்படுவது வெறும் தகவலும் இல்லை, மனந்திரும்புதல்.

அழுவதும் திரும்புவதும்

மனந்திரும்புதலுக்குக் கிரேக்கத்தில் மெத்தனோயா: மனம் மாறுதல். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் "திரும்புதல்" என்று நடையைச் சேர்த்தது நல்ல தேர்வு. போன வழியில் நின்று, திரும்பி, வீட்டுப் பக்கம் நடப்பது. அழுகை வரலாம், வராமலும் இருக்கலாம்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் அழிந்துபோகும் அளவுக்கு வருந்தினான், அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான். யூதாஸ் வாங்கிய 30 வெள்ளிக்காசைத் திருப்பியும் கொடுத்தான். "குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன்" என்று அறிக்கையும் செய்தான். ஆனால் அந்த அறிக்கையை ஆசாரியரிடம் சொன்னான், இயேசுவிடம் போகவில்லை. பேதுரு இயேசு நின்ற கரைக்கு நீந்திப் போனான். இந்த வித்தியாசத்தைத்தான் பவுல், தேவனுக்கேற்ற துக்கம் என்றும் லௌகிக துக்கம் என்றும் பிரிக்கிறார். முதலாவது ஆளை நோக்கி நடக்கவைக்கும். இரண்டாவது தன்னையே சுற்றிச் சுற்றி வரவைக்கும்.

சபைக்குச் சபை எப்படி

கத்தோலிக்கத் திருச்சபையில் இது ஒப்புரவு அருளடையாளம். பெரியவர்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். 1215-ல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது என்று விதித்தது. வருபவர் செய்ய வேண்டியவை மூன்று: மனஸ்தாபம் (செய்ததற்கு மனம் வருந்துதல்), குருவிடம் பாவத்தைச் சொல்லுதல், பரிகாரம். சாவான பாவங்களை, அதாவது மிகக் கனமான பாவங்களை, வகையும் எண்ணிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "திருடினேன்" என்று சொன்னால் போதாது, "பன்னிரண்டு முறை" என்பதும் வேண்டும். முடிவில் குரு கிறிஸ்துவின் பெயரால் பாவவிமோசனம் அளிப்பார். நீங்கள் மன்னிக்கிறவர்களுக்குப் பாவம் மன்னிக்கப்படும் என்று இயேசு சீடரிடம் சொன்ன யோவான் 20:23 இதற்கு அடிப்படை. கேட்டதை அவர் எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் சொல்லக் கூடாது. மீறினால் அவர் திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவார். பரிகாரம் மன்னிப்பின் விலை என்று கத்தோலிக்கரே பலர் நினைக்கிறார்கள். திருச்சபையின் போதனை அது இல்லை. காயம் ஆறிய பிறகு கை பழையபடி வேலை செய்யப் பயிற்சி தருவது போன்றது அது.

ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் ஆராதனைகளில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பொது அறிக்கை உண்டு. தனியாகக் குருவிடம் சொல்லவும் ஆங்கிலிக்கன் சபையில் இடம் இருக்கிறது. நேட்டால் இந்தியர் நடுவில் வளர்ந்த பெத்தேஸ்தா சபையின் வழிவந்தவை உட்பட நம் பெந்தெகொஸ்தே சபைகளில் பிரசங்கத்துக்குப் பின் முன்னால் வரச் சொல்லி அழைப்பார்கள். எந்த முறையானாலும் மன்னிக்கிறவர் கடவுளே என்பதில் எல்லாச் சபைகளுக்கும் ஒரே குரல்.

செய்வது எப்படி

கால் மணி நேரம் போதும். போனை வேறு அறையில் வையுங்கள். முதலில் ஆத்தும சோதனை: கடந்த ஒரு நாளையோ ஒரு வாரத்தையோ கடவுள் முன்னிலையில் திரும்பிப் பார்ப்பது. யாத்திராகமம் 20-ல் உள்ள பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொள்ளலாம். அல்லது நேற்று பார்த்த மனிதர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கலாம். இரண்டாவது வழி புதியவர்களுக்கு எளிது. மனைவி, அம்மா, மேலாளர், டாக்ஸியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்.

பிறகு சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்வது நல்லது, மனதுக்குள் சொல்லும்போது பாதி வாக்கியத்தில் நழுவிவிடுவோம். வாக்கியம் "நான்" என்று தொடங்கட்டும். செயலின் பெயர் வரட்டும். "ஆனால்" வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், அதற்குப் பின் வருவது அறிக்கையாக இராது, வக்காலத்தாக இருக்கும். "கத்தினேன், ஆனால் அவள்தான்..." என்ற வாக்கியத்தில் அறிக்கையிடப்படுவது அவளுடைய பாவம். நினைவுக்கு வராதவற்றுக்கு 19ஆம் சங்கீதத்தின் ஒரு வரி இருக்கிறது: "மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும்." தெரிந்ததைச் சொல்லி முடித்த பின் அதைச் சொல்லலாம், தெரிந்ததை மூடுவதற்கு அதைப் போர்வையாக்கக் கூடாது.

அடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் இந்தப் படியைத் தவறவிட்டு எழுந்துவிடுகிறார்கள். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்ற 1 யோவான் 1:9-ஐச் சத்தமாக வாசியுங்கள். "இரக்கமுள்ளவர்" என்று எதிர்பார்க்கும் இடத்தில் "நீதியுள்ளவர்" என்று இருப்பதைக் கவனியுங்கள். கடன் ஒருமுறை தீர்க்கப்பட்டுவிட்டது. அதை மறுபடி வசூலிப்பது நீதி ஆகாது.

கடைசியாகக் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். எண்ணாகமம் 5-ன் சட்டப்படி அறிக்கை செய்தவன் முதலைத் திருப்பி, அதில் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்க வேண்டும். நம் பையனுக்கு 600-உம் 120-உம் சேர்த்து 720 ரேண்ட். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு நாலு மடங்காகத் தருகிறேன் என்றான். அந்தக் கணக்கில் 2,400. ஆனால் லூக்கா 19-ல் வரிசையைப் பாருங்கள். இயேசு முதலில் அவன் வீட்டுக்கு வந்தார், அதற்குப் பிறகுதான் சகேயு பணப்பெட்டியைத் திறந்தான். மொத்தமாக முடியாவிட்டால் மாதம் இவ்வளவு என்று கடைக்காரரிடம் பேசித் தீர்க்கலாம்.

சுருக்கமாக: பார், பெயர் சொல், வாங்கிக்கொள், திருப்பிக் கொடு. இரண்டாவதும் மூன்றாவதும் இல்லாமல் நான்காவதுக்கு ஓடினால் மீண்டும் நேர்த்திக்கடனில் போய் நிற்போம்.

எங்கே கெட்டுப்போகிறது

ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுபவர்கள் உண்டு. பத்து வருடத்துக்கு முன் நடந்தது, ஒவ்வொரு ராத்திரியும் அதே ஜெபம். இதற்கு ஐயுறும் மனசாட்சி என்று பெயர்: மன்னிப்புக் கிடைத்ததை நம்பமுடியாமல் தவிப்பது. செய்து பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அறிக்கையிட்ட தேதியை ஒரு தாளில் எழுதி வேதப் புத்தகத்தில் வையுங்கள். அடுத்த முறை அதே நினைவு வந்தால் அறிக்கை வேண்டாம், நன்றி மட்டும் சொல்லுங்கள். அப்படியும் அந்த எண்ணம் நாள் முழுதும் விடாமல் வாட்டினால் அது ஓ.சி.டி. (ஒரே எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநலக் குறை) போன்ற நோயாக இருக்கக்கூடும். போதகரோடு மருத்துவரையும் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

சாட்சி சொல்கிறேன் என்று மைக்கைப் பிடித்து அடுத்தவர் பெயரை இழுப்பது இன்னொரு கேடு. உங்கள் விபசாரத்தை அறிக்கையிடும்போது அந்தப் பெண்ணின் பெயரை ஊருக்குச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. பாவம் எவ்வளவு பேருக்குத் தெரிந்ததோ, அறிக்கையும் அவ்வளவு பேர் முன்னிலையில் போதும். உங்கள் பொறாமை அந்த அக்காவுக்குத் தெரியவே தெரியாது என்றால், "உங்களைப் பத்து வருஷமா வெறுத்தேன்" என்று போய்ச் சொல்லி அவர் தூக்கத்தையும் கெடுக்க வேண்டாம். அதைக் கடவுளிடம் மட்டும் சொல்லுங்கள்.

மிக மோசமானது, மன்னிப்பை ஆயுதமாக்குவது. மனைவியை அடித்தவன் சபையில் அழுது மன்னிப்புக் கேட்கிறான். உடனே எல்லோரும் அவள் பக்கம் திரும்பி, "நீயும் மன்னித்து வீட்டுக்குப் போம்மா, கோர்ட்டு ஆணையை வாபஸ் வாங்கு" என்கிறார்கள். இது வேதத்தில் இல்லை. மன்னிப்பு வேறு, நம்பிக்கை வேறு. மன்னிப்பை அவள் தன் நேரத்தில் கொடுப்பாள். நம்பிக்கையை அவன் பல வருட நடத்தையால் சம்பாதிக்க வேண்டும். 1998ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றம் தரும் பாதுகாப்பு ஆணையை வைத்துக்கொண்டே ஒருவரை மன்னிக்க முடியும். அதுபோலவே, பிள்ளைகள்மேல் நடந்த பாலியல் குற்றம் தெரிந்தவர் போலீசிடம் சொல்லியாக வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் 32ஆம் எண் சட்டம் விதிக்கிறது. "ஆண்டவர் மன்னித்துவிட்டார், வெளியே சொல்லாதே" என்று ஒரு பிள்ளையை அடக்குகிற மூப்பர் அந்தச் சட்டத்தையும் மீறுகிறார், அந்தப் பிள்ளைக்கு விரோதமாகவும் பாவம் செய்கிறார். தாவீதிடம் "கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்று சொன்ன நாத்தான் அதே மூச்சில் விளைவுகளையும் சொன்னான். மன்னிக்கப்பட்டவர் சிறைக்கும் போகலாம்.

மறுபடி விழுந்தால்

போதகர்களிடம் அதிகம் வரும் கேள்வி இது. போன மாதம் அறிக்கையிட்டேன், இந்த மாதம் அதே இடத்தில் விழுந்தேன், என் மனந்திரும்புதல் பொய்யா? எத்தனை தரம், ஏழு தரமா என்று பேதுரு கேட்டபோது, ஏழெழுபது தரம் என்றார் இயேசு. மனிதரிடமே அவ்வளவு கேட்கிறவர் தாம் அதற்குக் குறைவாகச் செய்யமாட்டார். ஆனால் திரும்பத் திரும்ப விழும் இடத்தில் தனியாக நிற்காதீர்கள். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு 5:16 சொல்வது இதற்குத்தான். வாய் காக்கத் தெரிந்த, பதறாத ஒருவரைத் தேர்ந்துகொண்டு வாரம் ஒருமுறை பேசுங்கள். வழியையும் மாற்றுங்கள்: கல்லாவின் சாவியைத் தன்னிடம் தர வேண்டாம் என்று அந்தப் பையனே கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாதவருக்கு, அவன் ஜெபிக்கக்கூடிய ஜெபம் இது. இதன் இடத்தில் உங்கள் வார்த்தைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"ஆண்டவரே, நான் திருடினேன். வெள்ளிக்கிழமைகளில் கல்லாவிலிருந்து ஐம்பது ஐம்பதாக, பன்னிரண்டு முறை. என்னை நம்பினவருக்கு விரோதமாகவும் உமக்கு விரோதமாகவும் செய்தேன். அம்மாவுக்கு மருந்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பொய். இந்தப் பாரத்தை இயேசு சிலுவையில் சுமந்தார் என்று விசுவாசிக்கிறேன். அவர் நிமித்தம் என்னை மன்னியும். மன்னித்தீர் என்று உம்முடைய வார்த்தையின்படி ஏற்றுக்கொள்கிறேன். நாளைக் காலை ஏழு மணிக்குக் கடை திறக்கும்போது அண்ணனிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் தாரும். ஆமென்."